மழை வரக் கூடாது

நான் கிணறு வெட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் புதுக் கிணறு வெட்டுவதில்லை. இருக்கிற கிணறுகளையே ஆழப்படுத்திக்கொண்டு போகிறோம். உளியோடு நான் இறங்குவேன். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவன் என் மகன் அனீர். அகாதிர் நகரத்தில் கல்லூரிப் படிப்பு முடித்து, வேலை கிடைக்காமல் திரும்பி வந்தவன். கடவுள் இல்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான். ரொட்டியும் ஆலிவும் தின்றுகொண்டிருந்தபோது ஒருநாள் அதைச் சொன்னான். நான் அடிக்கவில்லை. மீதி ரொட்டியை அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

அவன் தொழுவதில்லை. நோன்பு மாதத்தில் பகலிலேயே வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பான். அவன் அம்மா இஜ்ஜா கதவைச் சாத்தி வைப்பாள். ஊருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் பாவம் செய்வது பெரிய குற்றமில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தால்தான் குற்றம்.

கசாப்புக்கடை பெலயித் மட்டும் கிணற்றடிக்கு வந்து சீண்டுவான்.

"ஏண்ணே, ஆண்டவனை நம்பாதவன் கையில உசுரக் குடுத்துட்டு இறங்குறியே, பயமா இல்ல?"

"அவன் ஆண்டவனை நம்புறதில்ல. அதனால கயித்த ரெண்டு தடவ பாக்குறான்" என்பேன்.

வானம் பல வருடமாகப் பொய்த்தது. பேரீச்சை மரங்கள் தலை கழன்று கம்பங்களாக நின்றன. ஆட்டை விற்றவர்கள் போக, மீதிப் பேர் ஆடு சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இமாம் மழைத்தொழுகை அறிவித்தார். அதற்கு முன்னால் ஊர் தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது முறை. பேசாதவர்கள் பேச வேண்டும், பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். பகையாளி அண்ணன் தம்பிகள் பள்ளிவாசல் முற்றத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். பெலயித் கூட கள்ள எடைக்கல்லை எல்லார் எதிரிலும் உடைத்தான்.

ஊர்த்தலைவர் ஹாஜி பராயிம் என் வாசலில் வந்து நின்றார். "எல்லா வீடும் சுத்தமாயிருச்சு ஹம்மு. உன் வீடு ஒண்ணுதான் பாக்கி."

மாலை அஸர் தொழுகைக்குப் பின் கூட்டம் கூடியது. இமாம் கெட்டவர் இல்லை. என் தாடி நரைத்த பிறகு பள்ளிவாசல் வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அனீரிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார்.

"ஆண்டவன் ஒருத்தன்தான்னு கலிமாவ ஒரு தடவ வாயால சொல்லிரு மகனே. மனசுக்குள்ள என்ன இருக்குன்னு நான் தோண்டிப் பாக்க மாட்டேன். தோண்டுறது உங்க அப்பன் தொழில்."

கூட்டம் சிரித்தது. அனீரும் சிரித்தான். பிறகு சொன்னான்: "பொய்யச் சொல்லிட்டு வந்து மழை கேக்கலாமா இமாமே? அது உங்களுக்கே அடுக்குமா? கீழ தர்பூசணித் தோட்டத்துல ராவும் பகலும் மோட்டார் ஓடுது. தண்ணி எங்க போகுதுன்னு எங்க பாபாவக் கேளுங்க."

அந்தத் தோட்டத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் தலைவர். அவர் முகம் இருண்டது.

"அப்ப மேகத்தையும் மோட்டார்தான் உறிஞ்சிருச்சா?" என்றான் பெலயித். இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது.

தலைவர் கையை உயர்த்தினார். "இவன் கொஞ்ச நாள் அகாதிர்ல இருக்கட்டும். இவன் இல்லாம தொழுவோம். இந்த விதைப்புக்காலம் முடியிற வரைக்கும் மழை வரலைன்னா இவன் மேல குத்தமில்ல, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். வந்துருச்சுன்னா, இத்தன வருசமா யாரால நின்னுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். அப்புறம் இவன் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது."

மாட்டேன் என்று சொல்வான் என நினைத்தேன். அவனோ சரி என்று தலைவரின் கையைப் பிடித்துவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏண்டா ஒத்துக்கிட்ட?"

"வானிலை பாத்துட்டேன் பாபா. இந்த வருசமும் வறட்சிதான்னு சொல்றாங்க. விதைப்பு முடிஞ்சதும் வந்துருவேன். அதுக்கப்புறம் அவங்க வாயே தெறக்க முடியாது."

"மழை வந்துட்டா?"

"வந்தா வரட்டும். மழைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னு உனக்குத் தெரியும். இருக்குன்னு நீயே கையடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்க."

அவன் நின்று என்னைப் பார்த்தான். அத்தனை படித்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலைப் பேருந்தில் ஏறிப் போனான்.

தொழுகை, வறண்ட ஆற்று மணலில் நடந்தது. அங்கியை உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டுக்கொண்டு நின்றோம், ஆண்டவன் எங்கள் நிலைமையையும் அப்படிப் புரட்டிப் போடட்டும் என்று. அந்தாண்டை பெண்கள், மழை கேட்கும் பழைய வழக்கப்படி, மர அகப்பைக்கு மணப்பெண் உடை உடுத்தித் தூக்கிப் பாடினார்கள். ஊரே குலுங்கி அழுதது. நானும் அழுதேன்.

என் பார்லி நிலம் புழுதியாகக் கிடந்தது. வீட்டில் கடைசி ஆடு படுத்துவிட்டது. ஆனாலும் நான் வேண்டியது இதைத்தான்: "யா ரப், எங்க மேல உனக்குக் கோவம் இருந்தா, இன்னும் கொஞ்ச நாள் அத வச்சிரு. மழை வரக் கூடாது." அந்தக் கூட்டத்தில் முழு மனதோடு வேண்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

அந்த வாரமே மழை வந்தது. தூறல் இல்லை. தொழுத மணலை மூடிக்கொண்டு ஆறு ஓடியது. பிள்ளைகள் சேற்றில் புரண்டார்கள். இஜ்ஜா ஜன்னலைச் சாத்தினாள்.

மழை விட்டதும் ஊர் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி ஆளுக்கொன்று, நீலக் காகிதம் சுற்றியது.

"அல்லாஹ் உன் தியாகத்த ஏத்துக்கிட்டான் ஹம்மு" என்றார் தலைவர்.

"உன் மகன் கிளம்புனது ஊருக்கே பெருநாளாப் போச்சுண்ணே" என்றான் பெலயித். அவன் குத்திக் காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

இஜ்ஜா கூம்புகளை வாங்காமல் நின்றாள். "கல்யாணத்துக்கும் இதத்தான் கொண்டு வருவீங்க, சாவுக்கும் இதத்தான் கொண்டு வருவீங்க. இது எதுக்குன்னு சொல்லிட்டு வைங்க."

வாசற்படியில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போன பின் இமாம் வெறுங்கையோடு வந்தார். "மலைக்கு அந்தப் பக்கமும் மழையாம் ஹம்மு. கடல் வரைக்கும் பெஞ்சிருக்காம்."

"அத நாளைக்குக் கூட்டத்துல சொல்லுங்களேன் இமாமே."

அவர் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். "மழை பெஞ்ச ஊர்ல அத யாருப்பா கேப்பா?"

மறுநாள் அனீர் போனில் அழைத்தான். "நம்ம ஊர்லயும் மழையாமே பாபா?" அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. மழை வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆசைப்பட்டவன் அவன் மட்டும்தான்.

"ஆமா."

"நல்ல மழையா?"

"நல்ல மழை."



"ஈரம் காயுறதுக்குள்ள பார்லிய விதைச்சுருங்க. ஏருக்கு இனி யாரு கூட வர்றா?"

"பெலயித் வர்றேன்னிருக்கான்."

"சரி பாபா" என்றான்.