தமிழரசி தமிழில் ஃபெயில்

தமிழரசி என்று பெயரை வைத்துக்கொண்டு தமிழிலேயே ஃபெயிலானால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

ப்ளஸ் டூ முடித்ததும் அந்தமானை விட்டு மெயின்லாண்டில் காலேஜ் படிக்க வேண்டும் அவளுக்கு. "ஃபீஸ் நான் கட்டுறேன். ஆஸ்டல் செலவுக்கு நீதான் வழி பாக்கணும்" என்று அப்பா பொன்னுத்துரை கையை விரித்துவிட்டார். அதற்காகத்தான் இந்த ஆன்லைன் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று கடை விளம்பரங்களை இந்தியில் அனுப்பும். பள்ளி விட்டு வந்து தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் டெஸ்ட், மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு, இதென்ன பிரமாதம் என்று இறங்கினாள்.

அவர்கள் ஊரான சிப்பிகாட்டில் மேகம் கூடினால் நெட் படுத்துவிடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை அரிசி வெந்துவிடும். அத்தனை பாடுபட்டு அனுப்பினால், 'ஜல்தியா வாங்க, ஸ்டாக் கத்தம் ஆயிடும்' என்று அவள் எழுதியது தமிழே இல்லையாம்!

"அம்மா, ஜல்திக்குத் தமிழ்ல என்னம்மா?"

"ஜல்திதான்டி தமிழு" என்றாள் புஷ்பா, மீனைக் கழுவிக்கொண்டே. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பாரு 'சுருக்கா வா'ம்பாரு. சிலோன்ல கண்டித் தோட்டத்துத் தமிழு, சுத்தமானது. அதப் போடு."

போட்டாள். தன் வார்த்தை சென்னைக்குப் போகிறது என்று புஷ்பா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'சுருக்கமாக வாருங்கள் என்பது பொருந்தவில்லை.'

"சுருக்கமா வர்றதுக்கு அது என்ன கட்டுரையா? சுருக்கா வேற, சுருக்கமா வேறடா!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். போன் என்ன செய்யும், பாவம். அம்மாவிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு தடவை. சுவரில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது, மதுரையில் அச்சடித்தது. 'விரைந்து வாரீர்.' அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பேசாத தமிழ். இருந்த எரிச்சலில் எல்லா வாக்கியத்தையும் அதே தோரணையில் எழுதித் தள்ளினாள்.

பாஸ்!

வேலை கிடைத்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி புஷ்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தமிழரசி படித்தாள். வேலை நேரம், சம்பளம், எல்லாம் படித்துவிட்டு நிறுத்தினாள்.

"அடியில இன்னும் ஒரு வரி இருக்கே?"

'வீட்டில் பேசும் கொச்சைத் தமிழை இனி எழுத வேண்டாம்' என்றிருந்தது அதில்.

"உங்க தமிழு ரொம்ப சுத்தம்னு போட்டிருக்காங்கம்மா" என்றாள் தமிழரசி.