ஒன்பது வருஷத் தும்மல்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு டிவி தொடரின் படப்பிடிப்பில் நடிகை ஒருவருக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. தொடரில் அவர் ஒரு கணக்கு டீச்சர். கறாரானவர், கணவரை இழந்தவர், ஒரே மகனைத் தனியாக வளர்ப்பவர். வசனத்தின் நடுவே அடக்க முடியாமல் ஒரு தும்மல். மேஜைமேல் இருந்த விடைத்தாள் இரண்டு பறந்தன. எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் அதை வெட்டாமல் விட்டுவிட்டார்.

பிடித்தது சனி. அடுத்த வாரம் தும்மலை எழுதியே கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் தும்மிய தும்மலில் பூனை மயங்கி விழுந்தது. நாலாம் வருஷம் பக்கத்து வீட்டுக் கார் தானாகக் கிளம்பியது. ஏழாம் வருஷம் வாசற்கதவே பெயர்ந்து விழுந்தது. டீச்சர் கடைசியாகச் சாக்பீஸைத் தொட்டது எப்போது என்று கதாசிரியைக்கே நினைவில்லை. ஊருக்கெல்லாம் அவர் தும்மல் அத்தை.

வெளியிலும் விடவில்லை. வாயைத் திறக்கச் சொன்ன பல் டாக்டரே நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். வீட்டில் அவருடைய நிஜக் கணவர் தன் பங்குக்கு, "உன்னை நம்பித்தான் புது ஃபேன் வாங்காம இருக்கேன்" என்பார்.

நடிகையும் சிரிப்பார். ஆனால் தொடரில் மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் காட்சியைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அம்மா தும்ம வேண்டுமாம். பெட்டி திறந்து துணியெல்லாம் பறக்க வேண்டுமாம்.

"ஏம்மா, பெத்த பிள்ளை ஊருக்குப் போறான். இன்னைக்கு ஒரு நாள் தும்மாம இருக்கேனே?"

"அக்கா, நீங்க தும்மலைன்னா ஜனங்க என் வீடு தேடி வந்து உதைப்பாங்க," என்றார் கதாசிரியை.

நடிகை சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கேமரா ஓடியது. பெட்டிப் பூட்டில் கட்டிய நூலைப் பிடித்தபடி கலைப்பிரிவுக்காரர் சோபாவுக்குப் பின்னால் படுத்திருந்தார். மகனாக நடித்தவன் பத்து வயதில் இந்தத் தொடருக்கு வந்தவன். இப்போது நடிகையைவிட ஒரு சாண் உயரம். நிஜத்திலும் அன்றோடு தொடரை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறான்.

"போயிட்டு வரேம்மா."

அவர் மூச்சை இழுத்தார். ஆனால் தும்மல் வரவில்லை. கைதான் தானாக உயர்ந்தது. அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டார்.

"வீட்டுப்பாடத்தை எல்லாம் கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளிப்போடாதடா."

யாரும் எழுதாத வசனம். பையன் தன் வசனத்தை மறந்து அவர் தோளில் முகம் புதைத்தான். சோபாவுக்குப் பின்னால் நூல் அசையவே இல்லை. 'கட்' சொல்ல வேண்டிய இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கதாசிரியை ஓடிவந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நடிகை பயந்தார். அவரோ கட்டிக்கொண்டு, "அக்கா, நம்ம டீச்சர் இன்னும் உயிரோடதான் இருக்காங்க!" என்றார்.

அது ஒளிபரப்பான பிறகு யாரும் உதைக்க வரவில்லை. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையனும் போன மாசம்தான் போனான்" என்றாள். தக்காளிக் கூடை முன்னால் இருவரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் புதுக் காட்சிகள் வந்தன. டீச்சர் மறுபடி பள்ளிக்கூடம் போகிறார்! நடிகை ஆசையாகப் புரட்டினார். முதல் காட்சியில் தபால்காரரின் காலரைச் சரிசெய்கிறார். இரண்டாவதில் தலைமை ஆசிரியருடையதை. மூன்றாவதில் ஒரு போலீஸ்காரருடையதை. நாலாவதில் துணிக்கடைப் பொம்மையின் காலரை.

கதாசிரியைக்கு ஃபோன் போட்டவருக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "ஏம்மா, பொம்மையைக்கூட விடலையா நீ?"

"ஜனங்களுக்குப் பிடிச்சிருச்சேக்கா..." அந்தப் பக்கமும் சிரிப்பு.

"பேனாவை எடுத்துக்கிட்டு உடனே வீட்டுக்கு வா."

அன்று சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காலர்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, கணக்கு டீச்சருக்கு ஒரு வகுப்பறையும் நாற்பது வாலுப் பிள்ளைகளும் எழுதினார்கள்.