நாலு பேர் பங்கு

சாய்வு நாற்காலியில் கிடந்தாலும் வாஷியோ செய்கோவின் முதுகு நாற்காலியில் படிவதில்லை. பதினோரு வருடமாக, மாதம் இருமுறை, ஜப்பானின் அக்கிதா ரயிலடிக்கு எதிரே உள்ள ரத்ததான நிலையத்துக்கு, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கொடுக்க வருகிறார். நாளை அவருக்கு எழுபது. எழுபதானவரிடம் எடுப்பதில்லை. இதுதான் கடைசி.

"இந்தப் பனியிலயும் டை கட்டிட்டு வந்திருக்கீங்களே ஐயா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றபடி நர்ஸ் நிராசவா கையில் ஊசியைச் செருகினாள்.

"வாஷியோ வீட்டு ஆம்பிளைங்க வெளிய வந்தா இப்படித்தான்."

இயந்திரம் சீறத் தொடங்கியது. உள்ளே மணி வடிவக் கிண்ணம் பம்பரமாய்ச் சுழன்றது. கனமான சிவப்பணுக்கள் ஓரத்துக்கு ஒதுங்கும்; லேசான பிளாஸ்மா நடுவில் நின்று குழாய் வழியே பைக்குப் போகும். கிண்ணம் நிறைந்ததும் சுழற்சி நின்று, சிவப்பு அவர் உடம்புக்கே திரும்பும். வரும்போது குளிர்ந்து வரும். கை சில்லிடும். அப்போது நர்ஸ் போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு, "குளிருதா ஐயா?" என்பாள். "இல்ல" என்பார். மனைவி போனபின் அவரை அப்படிக் கேட்டவர் வேறு எவருமில்லை. அதற்காகத்தான் வருகிறார் என்று கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டார்.

இன்று பையில் பொன்னிறம் இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீர் போல வெளுப்பாக இறங்கியது.

நிராசவா பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எண்ணெய்ப் பலகாரம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"டெம்புரா. பையன் குடும்பத்தோட வந்திருந்தான்."

பொய். நேற்று நாலு பேருக்கு வாங்கி வைத்துக் காத்திருந்தார். இரவு எட்டு மணிக்குத்தான் மகன் ஃபோனில், "பனி ஜாஸ்தியா இருக்குப்பா, வரல" என்றான். விடிந்தால் குப்பை எடுக்கும் நாள். குப்பைப் பையோ கண்ணாடி போல. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். தெருவார் முறைபோட்டுப் பைகளைச் சரிபார்ப்பார்கள்; இந்த வாரம் எதிர்வீட்டு கோமாகி அம்மாளின் முறை. மகன் வருகிறான் என்று அவளிடம்தான் சொல்லியிருந்தார். தொட்டுக்கூடப் பார்க்காத டெம்புரா அவள் கண்ணில் பட்டால் குடும்ப மானம் தெருவுக்கு வந்துவிடும். இரவு முடிந்தமட்டும் தின்றார். மீதியை விடியற்காலையில், நின்றபடியே.

"கொழுப்பு கலந்திருக்கு, இத நோயாளிக்குப் போட முடியாதுங்க. வீசத்தான் வேணும்." நிராசவா குரலைத் தணித்தாள். "போகட்டும், பேரப்பிள்ளையோட உக்காந்து சாப்பிட்டதுதானே. அதுக்குப் போய் வருத்தப்படலாமா?"

அவர் அந்த வெளுத்த பையைப் பார்த்தார்.

"யாரும் வரலம்மா. நாலு பேர் பங்கையும் நானே தின்னேன்."

"நாலு பேர் பங்கா! வயிறு தாங்குச்சா?"

"தாங்கல."

அவள் சிரிக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள். கிண்ணம் ஓய்ந்தது. "மிச்சமிருக்கற சிவப்பு மட்டும் உள்ள போகணும். கொஞ்ச நேரமாகும். குளிருதா ஐயா?"

குழாயில் சிவப்பு மெல்ல அவர் கையை நோக்கி ஊர்ந்தது. அவர் முதுகை நாற்காலியில் சாய்த்தார்.

"குளிருது" என்றார்.