பாலத்தடியில் ஐந்து ஞாயிறு

எங்களிடம் இருபது முகப் பகடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பிராசா அண்ணையின் மச்சான் கனடாவிலிருந்து அனுப்பியது. பச்சை நிறம், நெல்லிக்காய் அளவு. 2006 ஏப்ரலில் அது மூதூரில் மாட்டிக்கொண்டது.

குற்றம் எங்கள் சட்டத்தில்தான். ஞாயிறு தோறும் திருகோணமலையில் அண்ணை வீட்டு மேசையில் மூவரும் கதை விளையாட்டுக்குக் கூடுவோம். அண்ணை கதையை நடத்துவார். மூதூர் ஹிஸ்புல்லா வாள்வீரன். துறைமுகத்தடிக் கந்தோர் ஒன்றில் தட்டச்சுச் செய்யும் இராசமலராகிய நான் மந்திரக்காரி. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லவேண்டும். பலிக்குமா என்று பகடை சொல்லும். அன்று கதையில் யாருடைய ஆள் மோசமாக அடிவாங்குகிறதோ, அவர் ஆறுதலுக்குப் பகடையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஹிஸ்புல்லா ஒரு பூதத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, பகடையைச் சட்டைப்பையில் போட்டபடி, குடாவைக் கடந்து மூதூர் போகும் லோஞ்ச் ஏறினான். அந்தக் கிழமையே போர்ப் பதற்றத்தில் லோஞ்ச் ஓட்டம் நின்றது.

நின்றால் நிற்கட்டும் என்றோம். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக விளையாடும் இணைய விளையாட்டு ஒன்றில் மூவரும் சேர்ந்தோம். அண்ணையும் நானும் இங்கே நெட் கபேயில், அவன் அங்கே ஒரு கொமினிகேஷன் கடையில். அந்த விளையாட்டில் கணக்கெல்லாம் கம்பியூட்டர் பார்க்கும், அழுத்தினால் வாள் வெட்டும். எங்களுக்கு அது சரிவரவில்லை. ஒவ்வொரு காரியத்துக்கும் நின்று, செய்யப்போவதை எழுதினோம். மூவருக்குமாக ஹிஸ்புல்லா பகடையை உருட்டி எண்ணை எழுதுவான். அவன் சொன்ன எண்தான் எண். அது தோல்வி என்றால், கம்பியூட்டர் வெல்ல விட்டாலும் நாங்கள் தோற்போம்.

"பைத்தியங்களா?" என்று விளையாட்டில் வழியால் போன ஒருவன் எழுதினான். "ஓம்" என்று எழுதினேன். வெளியே சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் நில் என்றால் நிற்கிறோம், அடையாள அட்டையைக் காட்டு என்றால் காட்டுகிறோம். இங்கேயாவது நாங்கள் வைத்த சட்டத்துக்கு நிற்போமே.

ஜூலைக் கடைசி ஞாயிறு ஒரு மரப்பாலத்தடிக்கு வந்தோம். விளையாட்டில் அது உடையாத பாலம்; எல்லாரும் ஓடிக் கடப்பார்கள். அண்ணை விடவில்லை. "உளுத்த பாலம். பத்துக்குக் குறைஞ்சா மூண்டு பேரும் ஆத்துக்கை" என்று எழுதினார். விழுந்தால் ஆட்கள் செத்து, மாதக்கணக்காகச் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

"போடுறன்" என்று ஹிஸ்புல்லா எழுதினான். அத்தோடு அவனுடைய லைன் அறுந்தது.

அந்தக் கிழமை மூதூரில் சண்டை மூண்டது. சனம் உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். ஹிஸ்புல்லாவின் போன் வேலை செய்யவில்லை.

நாங்கள் இருவரும் ஞாயிறு தோறும் பாலத்தடியில் போய் நின்றோம். மூன்றாம் ஞாயிறு அண்ணை எங்கள் சட்டக் கொப்பியைக் கொண்டுவந்தார். மூன்று ஞாயிறு வராதவரின் ஆள் இறந்ததாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. எழுதியவன் ஹிஸ்புல்லாவேதான்.

"மலர், எத்தினை நாளைக்கு இப்பிடி நிக்கிறது? அவன்ர ஆளை முடிச்சிட்டு நாங்கள் கடப்பம்."

"அவன் செத்திட்டான் எண்டு என்ர வாயால சொல்ல ஏலாது."

"நான் விளையாட்டில இருக்கிற ஆளைத்தானே சொன்னனான்."

"இண்டைக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை."

கொப்பியைப் பறித்து அந்தத் தாளைக் கிழித்தேன். சட்டம் சட்டம் என்று துள்ளிய நானே கிழித்தேன். நாங்கள் வைத்த சட்டம், கிழிக்கிற உரிமையும் எங்களுக்குத்தான். அண்ணை எழுந்து போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு முன்னமே வந்து இருந்தார். திரையில் நாங்கள் இரண்டு பேர்தான். "பாலத்தடியில் மூவர் காத்திருக்கிறார்கள்" என்று எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்தாம் ஞாயிறு பத்து மணிக்கு ஹிஸ்புல்லாவின் பெயர் திரையில் வந்தது.

"மூணு" என்று எழுதினான்.

"ஹிஸ்புல்லா! எங்க நிக்கிறீர்?" என்று எழுதினேன்.

"கந்தளாயில, ஒரு பள்ளிக்கூடத்துல இரிக்கம். உம்மாவும் சுகம். அண்டைக்கு லைன் போகக்குள்ள போட்டது மூணு. சொல்லக் கிடைக்கல்ல."

அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினார். "இருவது எண்டு சொல்லியிருக்கலாமேடா. ஆர் பாத்தது?"

"வீட்டுல இருந்து கொண்டுவந்தது இந்தப் பகடை மட்டும்தான். அதுலயும் பொய் சொல்லவா?"

அப்போது பாலத்தால் ஓடிய ஒருவன், "உடையாது, ஓடுங்கள், மடையர்களே!" என்று எழுதிவிட்டுப் போனான். நாங்கள் மூவரும் பாலத்தின் நடுவுக்குப் போய், ஒருவர் பின் ஒருவராக ஆற்றில் குதித்தோம். சேர்த்ததெல்லாம் போயிற்று. நெட் கபேயே திரும்பிப் பார்க்க நானும் அண்ணையும் சிரித்தோம்.

"மூண்டு பேருக்கும் ஒரே அடி. இந்தக் கிழமை பகடை ஆருக்கு?" என்று அண்ணை கேட்டார்.

"எனக்கு" என்று எழுதினேன். "ஹிஸ்புல்லா, நீர் கொண்டுவந்து என்ர கையில தரவேணும்."