ஓரத்தில் ஒரு 'ச்'

...அழித்தாலும் போகாது, சிவப்பு மை, தாள் வேறு மெல்லிசு, சுரண்டினால் ஓட்டை விழும், ஓட்டையைப் பார்த்தால் மகள் என்ன நினைப்பாள், எலி கடித்ததென்றா? பதினேழு வருடம் அச்சகத்துக்குப் பிழை திருத்திய கை, புத்தி விழிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டது. மேசையில் திறந்து கிடந்த மகளின் நோட்டு... இல்லை, திறந்து கிடக்கவில்லை, தலையணைக்கு அடியில் மூடித்தான் இருந்தது, இவள்தான் உறை மாற்றுகிறேன் பேர்வழி என்று எடுத்தாள், தனக்குள்ளேயே எதற்குப் பொய்? 'அம்மா எல்லார் முன்னாடியும் என்னை ரெண்டுங்கெட்டான்னு சொல்லி சிரிக்கிறாங்க' என்றிருந்தது. பெற்றவளுக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டாமா? காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, 'சொல்லி'க்குப் பக்கத்தில் குறி போட்டு, ஓரத்தில் விடுபட்ட 'ச்' எழுதினாள். எழுதிய பிறகுதான் வாக்கியம் உறைத்தது.

கூடத்தில் பள்ளி அகராதியின் பக்கங்கள் காற்றில் படபடத்தன, நாளைக்குள் திருத்தித் தர வேண்டும். வளரிளம் பருவம்: குழந்தைப் பருவத்துக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட காலம். பிழை இல்லை. விடலைக்கு ஒரு வரி, குமரிக்கு இரண்டு, 'வயசுக்கு வருதல்' பேச்சு வழக்கு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று வயதைக் கூறுபோட்டு வைத்திருக்கிறார்கள், பதினாலு என்றால் மடந்தையாம், சொன்னால் மகள் சண்டைக்கு வருவாள். ரெண்டுங்கெட்டானுக்கு மட்டும் பொருள் எழுதாமல் விட்டிருந்தார் அகராதி ஆசிரியர், "வீட்லயே ஒண்ணு இருக்கே, நீங்களே எழுதிடுங்கம்மா" என்று. போன வாரம் அச்சகத்தில் அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், இவள்தான் அதிகம், "திங்கறப்போ குழந்தை, திட்டினா பெரிய மனுஷி" என்று எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். மகள் குடை கொண்டுவந்து வாசலில் நின்றாள் அல்லவா அப்போது? பார்த்தாளே... பார்த்தும் வாய் நின்றதா? கைதட்டல் கிடைத்தால் பிள்ளையைக் கூட விற்றுவிடுமோ இந்த நாக்கு...

செருப்பு கழற்றும் சத்தம். நோட்டை அகராதித் தாள்களுக்கு அடியில் தள்ளலாம், தள்ளி... எத்தனை நாளைக்கு? மகள் பையை இறக்குமுன் இவள் நோட்டை நீட்டிவிட்டாள்.

"உன் நோட்டைப் படிச்சிட்டேன்."

மகள் முகத்தில் ரத்தம் ஏறியது, பக்கத்தைப் புரட்டினாள், சிவப்பைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் மட்டுமா?"

"ஆமா." எங்கிருந்து வந்தது அந்த ஆமா, கேட்டு முடிப்பதற்குள்?

மகள் மூன்று தாள் பின்னால் போய் நிறுத்திக் காட்டினாள். அழகாய் இல்லையே என்று தன்னைப் பற்றி எழுதியிருந்த வரியில், ஒரு 'ற'வைச் சுற்றி வட்டம், மேலே 'ர'. இது எப்போது போட்டது? நினைவே இல்லை, சத்தியமாய் இல்லை, ஆனால் அதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள், இவளே நம்புவாளா...

"சரிம்மா" என்றாள் மகள். அவ்வளவுதான். கத்துவாள், பையை வீசுவாள் என்று இவள் உடம்பை இறுக்கி வைத்திருந்தது வீண். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், மெதுவாக, தாழ்ப்பாள் ஓசைகூட எழாமல், விருந்தாளி எழுந்துவிடக் கூடாதென்று பெரியவர்கள் சாத்துவார்களே அப்படி. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. நேற்றுவரை அறைந்துதானே சாத்தினாள்... இனி தட்டினால் திறப்பாள், மரியாதையாகத் திறப்பாள், அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.