முள்ளங்கிச் சட்டம்

பாலர் பள்ளி டீச்சருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகள் தாங்களே வளர்த்த முள்ளங்கியை ஆசையாகத் தின்பதைப் பார்க்க நாளைக்குப் பெற்றோர் வருகிறார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவர்களை அழைத்ததும் அவள்தான். மண்ணுக்குள் ஏதாவது விளைந்திருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

ஆரம்பத்தில் வாண்டுகள் தினமும் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நட்டுவைத்தார்கள். கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில், "பிடுங்குறவங்கதான் அதைத் தின்னணும்!" என்று சட்டம் போட்டாள். அன்றிலிருந்து ஒரு கைகூடப் பாத்திப் பக்கம் நீளவில்லை.

வகுப்புக்கும் பாத்திக்கும் நடையாய் நடந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு செடியை இழுத்தாள். சுண்டுவிரல் தடிமனில் ஒன்று வந்தது.

"டீச்சர் பிடுங்கிட்டாங்க!"

அடுத்த நிமிடம் வகுப்பே சுற்றி நின்றது.

முள்ளங்கி வாடையே அவளுக்கு ஆகாது. வேறு வழியில்லாமல் கழுவிக் கடித்தாள். காரத்தில் கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு, "அடடா, எவ்வளவு நல்லா இருக்கு! யாருக்கு வேணும்?" என்றாள்.

முன்னால் நின்ற குட்டி வாயாடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நாங்க ஏன் டீச்சர் தின்னணும்? நாங்க ஒரு தப்பும் பண்ணலையே!"