முதல் கேள்விக்குப் பதில் கிடையாது

திருப்பதி நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் தேடித் தருகிறவள் நான், இந்திராணி. "எல்லாம் போன்லயே கெடைக்குது, உங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்று கேட்காத ஆள் இல்லை. போனில் கேட்கப் பயப்படும் கேள்விகள்தான் இப்போதெல்லாம் என்னிடம் வருகின்றன.

மோகன்ராஜ் என்கிற விவசாயி வந்தபோது அவன் சட்டையெல்லாம் ரத்தம். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் துண்டால் கட்டிய மூட்டை. படித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடினார்கள்.

"மேடம், கைய வெட்டினா எத்தினி வருசம் போடுவாங்க? போன்ல தேடினா போலீசுக்குத் தெரிஞ்சிடுமாமே."

எங்கள் வேலையில் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. கேட்பது ஒன்று, வேண்டியது வேறாக இருக்கும். "யார் கையப்பா?" என்றேன்.

"எந்தம்பி பக்கிரிசாமி கை. போர்வெல் தண்ணிய என் கயினிக்கு வுடாம அடைச்சினே இருந்தான். இன்னிக்கி என்னைக் கீழ தள்ளி வாயில சேத்தத் திணிச்சான். வெட்டிட்டேன்."

"அவன் எங்க?"

"வடமாலபேட்டைலேர்ந்து இங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு வந்துட்டாங்க."

"மூட்டைல இன்னா?"

மேஜைமேல் வைத்துப் பிரித்தான். மணிக்கட்டோடு ஒரு கை. நகங்களில் சேறு இன்னும் காயவில்லை.

"அங்கியே வுட்டா நாய் துன்னுடும். அதான் எடுத்தாந்துட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெட்டறப்ப வராத பாசம் நாயப் பாத்ததும் வந்துச்சா?" என்றேன். அவன் கத்தியை ஓங்கி இறக்கினான். அது என் முன்னால் இருந்த தடித்த அகராதிக்குள் பாதி இறங்கி நின்றது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று கத்தினான்.

"கேக்க வேண்டியத நீ இன்னும் கேக்கல. இந்தக் கைய ஒட்ட முடியுமான்னு கேளு."

திருதிருவென்று விழித்தான். "முடியுமா?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கொண்டே முதலுதவிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். கையை ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, கவரோடுதான் ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் சதையில் படக்கூடாது. எதிர் ஜூஸ் கடையில் ஐஸும் ஒரு டப்பாவும் வாங்கினேன்.

"அங்க போலீஸ் நிக்கும். நீங்களே குடுத்துடுங்க மேடம்."

"எப்ப வெட்டின, எதால வெட்டினன்னு டாக்டர் கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

அவன் கத்தியை அகராதியிலேயே விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினான்.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி வீட்டு ஆட்கள் பாய்ந்தார்கள். உதைத்த உதையில் அவன் வாயிலிருந்து பல் தெறித்தது. ஒருவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். டாக்டர் வந்து வாங்கும்வரை மோகன்ராஜ் டப்பாவை வயிற்றோடு அணைத்தபடியே கிடந்தான். அப்புறம்தான் போலீஸ் அவனைத் தூக்கியது.

ரொம்ப நாள் கழித்துப் பக்கிரிசாமி என் மேஜைக்கு வந்தான். மணிக்கட்டைச் சுற்றித் தையல் தழும்பு.

"மேடம், எங்கண்ணன ஜெயில்லேர்ந்து எப்ப வுடுவாங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

"எதுக்குப்பா? கூட்டினு வரவா, வெட்டவா?"

விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தான். "கத்தி புடிக்கவும் வருது மேடம்" என்றான். "ஆனா அத்தினி அடியிலயும் டப்பாவ வுடலயாமே அவன். கூட்டினு வரத்தான்."